திருத்திய மதிப்பீடு

மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருக்கிறது கோப்பு,
சென்னைவரை போய்வந்த களைப்பில் ஓரமெல்லாம் நைந்து.
பச்சை மையில் ஒரே வரி:
‘ஆண்டுக்கு எத்தனை பேர்? தனிப்பிரிவு அவசியம்தானா?’

ஐகிரவுண்டில் என் தலைக்குமேல் மின்விசிறி சுற்றுகிறது.
பணகுடிக் காற்றில் விளைந்த மின்சாரமாகவும் இருக்கலாம்.
அங்கே ஒரு காத்தாடியின் வயிற்றுக்குள்
ஏணி நழுவி
இன்று காலை விழுந்தான் சங்கிலிபூதம்.
வயசு இருபத்தாறு. இடுப்பெலும்பு நாலு துண்டு.

டாக்டர் பெனிற்றா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
நெடுநேரம் பார்த்தார்.
“கை இருக்கு, கருவி இல்ல. மதுரைக்கு எழுதுங்க.”
யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பீடித்தட்டைப் போட்டது போட்டபடி வந்திருந்த முப்புடாதி
என்னிடம் கேட்டாள்:
“இதாம்க்கா பெரியாஸ்பத்திரின்னு சொன்னாவ,
இதவிடப் பெருசும் உண்டுமா?”

நான்குவழிச் சாலைதான், வழுக்கிக்கொண்டு போகும்.
ஆனாலும் கயத்தாறிலும் சாத்தூரிலும்
தார் எங்கெங்கே ஒட்டுப் போட்டதென்று
உடைந்த இடுப்பைக் கேட்டால் சொல்லும்.

கோப்பைப் புரட்டுகிறேன்.
செவிலியர் ஆறு என்பது இரண்டாகியிருக்கிறது.
சி-ஆர்ம் கருவியின் மேல் ஒரு கோடு, பக்கத்தில்:
‘இருப்பதைக் கொண்டு சமாளிக்கவும்.’

தொண்ணூற்றாறில் என்னையும் சமாளித்தார்கள்.
வள்ளியூர் பஸ்ஸின் பின்படி, பத்தாம் வகுப்பு,
மாவுக்கட்டுக்குள் கோணலாகவே கூடிய எலும்பு.
இடதுகால் ஒன்றேகால் அங்குலம் குறைவு.
டவுனில் ஒருத்தர் செருப்புக்கு அட்டை வைத்துத் தைத்துத் தருவார்,
வருஷத்துக்கு இரண்டு ஜோடி.
அந்தச் செலவு
எந்தக் கணக்குத் தலைப்பிலும் வராது.

பதில் எழுத வேண்டும்.
போன ஆண்டு மதுரைக்கு அனுப்பியவர்கள்: 214.
உயிரோடு போய்ச் சேர்ந்தவர்கள்:
முற்றுப்புள்ளி இரண்டையும் வைத்துவிட்டு
பீரோவைத் திறந்தேன்.
அப்படி ஒரு பதிவேடு நாங்கள் வைத்துக்கொள்வதில்லை.

படிவத்திலிருந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.
“கப்பலூர் டோல்கேட்ல நிக்கோம்க்கா,
முன்னால ஏகப்பட்ட வண்டி.
முழிச்சிட்டுதான் இருக்காவ, தண்ணி கேக்காவ, குடுக்கலாமா?”

தெரியாது என்றேன்.
கூட இருக்கிற தம்பியிடம் கேள் என்றேன்.
லைன் போய்விட்டது.

காலியிடத்தில்
ஒன்று என்று எழுதினேன்,
பென்சிலில்.