எட்டு லிங்க்ஸ்

கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள்.
பூட்டு புதிது. எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை.
மிளகி அதை முகர்ந்து பார்த்துவிட்டு
என் பக்கம் திரும்பினாள்,
சாவி என்னிடம் இருப்பதைப் போல.

நேற்றுவரை இந்த வழியாகத்தான்
மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காடு ஏரிக்கு.
சில்வர் ஓக் நிழல், காலடியில் மெத்தென்று சருகு,
கொடியைக் கடிக்காமலிருக்க
கடிவாளத்தில் ஒரு சின்ன இழுப்பு.
இனி தார்ச்சாலை.
சாரல் விழுந்தால் லாடம் வழுக்கும்.
வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து
ஜன்னல் வழியே செல்போன் நீட்டுகிறவர்களிடம்
குதிரைக்கும் பயம் உண்டு என்று யார் சொல்வது?

மேலாளர் பெல்லியப்பா மரியாதையானவர்.
உட்காரச் சொன்னார். காபி கொடுத்தார்.
அவர் தோட்டத்துக் காபிதான்; நன்றாகவே இருந்தது.
கிரயப் பத்திரத்தைப் புரட்டி
விரல் வைத்துக் காட்டினார்:
'ஆள் நடை, மாட்டு வண்டி
மாமூல் வழிப் பாத்தியம் சகிதம்.'
"இதுல குதிரை எங்கேம்மா இருக்கு?"

வீடு வந்து சேரும்வரை யோசித்தேன்.
மிளகி ஆளில்லை.
மாடில்லை. வண்டியுமில்லை.
நான் இறங்கி நடந்தால் எனக்கு வழி உண்டு.
அவள் முதுகில் ஏறிய கணமே
என் பாத்தியம் தரையிலிருந்து கழன்றுவிடுகிறது.
பத்திரப்படி பார்த்தால்
நான்கடி உயரத்தில் எனக்குச் சட்டம் இல்லை.

ஜமாபந்தியில் மனு கொடுத்தேன்.
வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்
மயானத்துக்குப் பாதை கேட்டார்.
நான் குதிரைக்குப் பாதை கேட்டேன்.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
தாசில்தார் சிரிக்கவில்லை;
பச்சை மையில் ஏதோ எழுதினார்.

ஏழு மாதம் கழித்து சர்வேயர் ஜெசிந்தா வந்தார்.
ஆத்தூர்க்காரி, எங்கள் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர்.
புலப்படத்தை ஜீப் பானட்டில் விரித்தார்.
மடிப்பில் கிழிந்த தாள்; அதில்
எறும்பு ஊர்ந்தாற்போல் ஒரு புள்ளிக்கோடு.
"பாதை இருக்கு. அகலம் எட்டு லிங்க்ஸ்."
"அப்படின்னா?"
இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார்.
மிளகியும், இருபுறமும் ஒவ்வொரு மூட்டையும்
உரசாமல் போகிற அளவு.
கோடு போட்டவன்
மாட்டை நினைத்தானா, மனிதனையா?
புள்ளிகள் சொல்லவில்லை.

எல்லைக்கல்லைத் தேடினோம்.
கதையாயிருந்தால் குதிரை நேராகப் போய்
குளம்பால் தட்டிக் கல்லைக் காட்டியிருக்கும்.
மிளகி நேராகப் போய்
விழுந்து கிடந்த பலாப்பழத்தைக் காட்டினாள்.
கல்லைச் சொன்னது வாட்ச்மேன் சடையன்.
இத்தனை வருஷமும் அதில்தான்
அரிவாள் தீட்டியிருக்கிறார்.
பள்ளமாகத் தேய்ந்த உச்சியில்
அம்புக்குறி பாதி மிச்சம்.

உத்தரவு ஒரே பக்கம்.
காலை ஆறு முதல் மாலை ஆறு வரை
கேட் திறந்திருக்க வேண்டும்,
'சவாரியாகச் செல்லும் பிராணிகள் உட்பட.'
அந்த 'உட்பட' என்ற சொல்லுக்காக
அன்றிரவு ஒரு படி கொள்ளு கூடுதலாக வைத்தேன்.

மறுநாள் ஆறு பத்து.
கேட் திறந்திருந்தது. பூட்டு கொக்கியில் தொங்கியது.
குதிகாலால் மெல்லத் தட்டினேன்.
மிளகி அசையவில்லை.
பதினோரு மாதம்
பச்சையைக் கண்டதும் திரும்பிப் பழகிய கழுத்து
இடப்பக்கமே திரும்பியது,
தார்ச்சாலைக்கு.
அவளுக்கு உத்தரவை யாரும் படித்துக் காட்டவில்லை.

இறங்கினேன்.
கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்து
ஆள் நடையாகவே உள்ளே போனேன்.
பின்னால் சருகு மிதிபடும் சத்தம்.
ஒரு குளம்பு.
வெகுநேரம் கழித்து இன்னொன்று.

சடையன் வேறொரு கல்லில்
அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.
தலை நிமிராமலே சொன்னார்:
"ஏறிக்கோ தாயி."