லாட்வியாக்காரன்

முதுநகர் ஏலக்கூடத்தில் என் பெயர் லாட்வியா.
பெட்டி எண்ணி எழுதுகிறவன்.
கடம்பா பதினாறு, காரப்பொடி ஒன்பது.
விஞ்ச் கயிறு இரண்டு விரலைக் கொண்டுபோன பிறகு
என் எழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சாயும்.

"லாட்வியாவா, லாட்டரியா?" என்பான்
ஐஸ் உடைக்கும் பாவாடைராயன்.
"ரெண்டும் ஒண்ணுதாண்டா,
போட்டது திரும்பாது."

ஜிப்மர் வார்டில் பதினேழு நாள்.
கட்டுப் போட்ட கையை உயரத் தொங்கவிட்டு
இடது கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது
ஒரு ஆட்டக்காரனைப் பற்றி நாலு வரி:
ஊர் ரிகா.
வலக்கையில் பிறவியிலேயே மூன்று விரல்.
இருபத்து மூன்று வயதில் உலகப் பட்டம்.
நர்சைக் கூப்பிட்டேன்.
"என்ன, வலிக்குதா?"
"இல்லக்கா. செஸ் போர்டு எங்க கிடைக்கும்?"

அதோடு விட்டிருக்கலாம்.
விடவில்லை.
என் ஜீன்ஸ் பாக்கெட் மூலையில் இருக்கும் செம்பு ஆணி,
அதே ஊரில் பிறந்து அமெரிக்கா போன தையற்காரரின் யோசனையாம்.
உழைக்கிறவன் பாக்கெட் கிழியக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு.
துறைமுகத்தில் குனிந்து நிமிரும் இடுப்புகளில்
அவர் தினமும் மீன்வாடையோடு இருக்கிறார்.
உள்ளங்கையை மூடினால் மறைந்துபோகும் கேமரா
முதலில் செய்ததும் அந்த ஊர்த் தொழிற்சாலை.
இன்னொருவர்,
ஜனங்கள் பாடிய நாலுவரிப் பாட்டுகளைத்
துண்டுச்சீட்டில் எழுதி, இரண்டு லட்சத்துக்கும் மேலே,
சின்னச்சின்ன இழுப்பறைகளில் அடுக்கிவைத்தாராம்.

அதைப் படித்த நாளிலிருந்து
என் ஏலச்சீட்டுகளைக் குப்பையில் போட மனம் வருவதில்லை.
பிஸ்கட் டின் நிரம்பி
இப்போது பெயின்ட் வாளி.
"இதுல என்ன பாட்டு இருக்கு?" என்றாள் வேதவல்லி.
ஒன்றை உருவிக் கொடுத்தேன்.
சங்கரா எட்டு. விலை படியல.
மழை. திருப்பி எடுத்துப் போயிட்டாங்க.
படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
வாளியை மட்டும் ஒழுகாத பக்கம் நகர்த்தினாள்.

அவர்கள் கடலில் உப்பு குறைவாம்.
எங்களுக்கு ஆற்றின் பெயரிலேயே உப்பு.
புயல் அடங்கிய மறுநாள் அங்கே
கரையில் அம்பர் பொறுக்குவார்களாம், தேன் நிறத்தில்.
இங்கே என்ன பொறுக்குவார்கள் என்று
தேவனாம்பட்டினத்தில் போய்க் கேளுங்கள்.
வேண்டாம், கேட்காதீர்கள்.

போன ஞாயிறு மஞ்சக்குப்பத்தில் மாவட்டப் போட்டி.
எதிரே நெய்வேலியிலிருந்து வந்த ஆறாம் வகுப்பு,
தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர்: நன்முகை.
வெள்ளை அவளுக்கு.
இரண்டாவது நகர்த்தலிலேயே
ராஜா பக்கத்து மந்திரியின் சிப்பாயை
இரண்டு கட்டம் தள்ளினேன்.
வாசல் கதவைத் தானே திறந்துவைத்து
வா என்று சொல்கிற ஆட்டம்.
அதற்கு அந்த நாட்டின் பெயர்தான்.
கம்ப்யூட்டர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளும்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
முதலில் என் முகத்தை, பிறகு கையை,
பிறகு மறுபடி அந்தச் சிப்பாயை.
பத்து நிமிடம் கடிகாரம் அவள் பக்கமே ஓடியது.
மின்விசிறிக்குக் கீழே நான் வியர்க்காமல் உட்கார்ந்திருந்தேன்,
வாழ்க்கையில் முதல்முறை.

பிறகு என் குதிரை போனது. யானை போனது.
முப்பத்தொன்றில் கை நீட்டினேன்.
மூன்று விரலையும் அழுத்தமாகக் குலுக்கிவிட்டு,
"அங்கிள், அது தப்பான மூவ்னு எங்க சார் சொல்லியிருக்கார்" என்றாள்.
"உங்க சார் சொன்னது சரிதான்."
"அப்ப ஏன் ஆடினீங்க?"
அதற்குள் அவள் அப்பா கூப்பிட்டுவிட்டார்.
ஸ்கோர்ஷீட்டின் ஓரத்தில் அவசரமாய் எழுதிக்கொண்டு ஓடினாள்:
லாட்டியன்.
திருத்த நேரமில்லை.

விடியற்காலை நாலரை. படகுகள் வந்துவிட்டன.
"என்ன லாட்வியா, ஜெயிச்சியா?"
ஐஸ் சிதறல் என் காலில் விழுந்தது.
"பதினெட்டாவது மூவ் வரைக்கும்" என்றேன்.