பதினான்கு மாத்திரை

சாட்ஸ்வொர்த் மருந்துக்கடையில்
தண்டேகா சீட்டைப் படித்தாள், உடனே தரவில்லை.
"வேறென்ன சாப்பிடுகிறீர்கள், மிஸ்டர் நாய்க்கர்?"
காலையில் ரொட்டி, மத்தியானம் பீன்ஸ் கறி என்றேன்.
சிரிக்கவில்லை அவள்.

கொழுப்புக்கென்று இரவில் ஒன்று,
பன்னிரண்டு வருஷமாய்;
அது மருந்தென்பதே மறந்திருந்தது.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
டாக்டர் எடுக்கும்வரை நின்றாள்.
எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது.
"இரண்டும் சேர்ந்தால் தசை நைந்துபோகும்.
இது முடியும்வரை அதை நிறுத்தச் சொல்கிறார்.
நெஞ்சு படபடத்தால், தலை சுற்றினால்
விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்."

கிளாரித்ரோமைசின்.
சொல்லிப் பார்த்தேன்,
இறங்கியே இராத ரயில் நிலையத்தின் பெயர் மாதிரி.

முதல் நாளே வாயில்
பழைய சென்ட் காசை அடக்கிய ருசி.
தேநீரிலும் காசு.
பீன்ஸிலும் காசு.

ஐந்தாம் நாள் இருமல் அடங்கியது.
செருப்பு ஆலையில் பக்கத்து மெஷின் பூபாலன்
தொண்டையைத் தடவிக்கொண்டு கேட்டான்:
"உனக்குத்தான் சரியாயிடுச்சே, மிச்சத்தைத் தாயேன்."
என் சோற்று டப்பாவில் அவன் கை விழாத நாளில்லை.
சட்டைப்பையில் அட்டை கரகரத்தது. ஐந்து மிச்சம்.

அவன் இரவில் எதை விழுங்குகிறான்,
அவன் நெஞ்சு எந்தத் தாளத்தில் நடக்கிறது,
எனக்கென்ன தெரியும்?
"தண்டேகாகிட்ட போய்க் கேள்" என்றேன்.
கஞ்சப்பயல் என்றான்.

நேற்றிரவு பதினான்காவது.
காலி அட்டையை மடக்கிப் போட்டேன்.
பழைய மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவதென்று
இன்று கேட்க வேண்டும்.
பூபாலன் இன்னும் பேசவில்லை.
தேநீர் மட்டும்
கொஞ்சம் கொஞ்சமாய்
தேநீராகிக்கொண்டு வருகிறது.