இருபது நிமிடம் பழைய வானம்

காலை எட்டுக்கு வந்து நாற்காலியை உயர்த்துகிறேன்.
யாரோ தினமும் தாழ்த்திவிட்டுப் போகிறார்கள்.
திரையில் நேற்று நான் விட்டுப்போன பினாங்கு இல்லை.
முழு உருண்டை ஒன்று,
துருப்பிடித்த தகரம்போல் ஆஸ்திரேலியா,
இடப்பக்கம் கடுகளவாய் நாங்கள்,
அந்தக் கடுகின்மேலும் மேகம்.

ஒரு கோப்பைத் திறந்து மூடுவதற்குள்
என் தீவு திரும்பிவிடும்.
பாலங்கள் இரண்டும் நூலாக,
ரேலாவ் பக்கம் வெள்ளையாய் ஏதோ திரள.
அப்பாடா என்றால்
பத்தாம் நிமிடம் மறுபடி உருண்டை.

ஒரு வாரமாக
சரக்குப் பட்டியல்களுக்குப் பின்னால்
இரண்டு வானங்கள்
இடம் பிடித்து அடித்துக்கொண்டன.

என் வானம் எனக்கு எதற்கென்றால்
பதினேழாம் மாடியில் காயும் துணிக்கு.
செயலியில் அந்த இடத்துக்கு நான் வைத்த பெயரே
'துணி'.
மேகம் கூடினால் பக்கத்து வீட்டு சூ யீனுக்கு ஒரு செய்தி,
நடைவழிக் கொடியிலிருந்து அவள் அள்ளிப்போடுவாள்.
அதைவிடப் பெரிய இலட்சியம் எதுவுமில்லை.

ஹஃபிசுதீனைக் கூப்பிட்டேன்.
"ரீஸ்டார்ட், காக்" என்றான்.
எல்லா நோய்க்கும் அவனிடம் அந்த ஒரே கஷாயம்.
தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தேன்.
விண்டோஸ் அப்டேட்டைத் திட்டினேன்.
ஒரு பாவமும் அறியாத கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தேன்.
கடைசியில்தான்
ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலைத் திறக்கத் தோன்றியது.

இரண்டு பெயர்.
ஒன்று நான் போட்டது.
மற்றது செவ்வாய் இரவு 11:47.

இரவு ஷிஃப்ட். தவநேசன்.
பணிப்பட்டியலில் எனக்கு நேர்கீழே இருக்கும் பெயர்.
ஆளைப் பார்த்ததில்லை.
கோடாலித் தைலம் தெரியும்.
இடக்கைக்காரர் என்று மவுஸ் சொல்லும்.

நீக்கவா என்றது கணினி.
'ஆம்' மேல் அம்பை நிறுத்திவிட்டு
சும்மா அவர் சேர்த்துவைத்த படங்களைத் திறந்தேன்.

பதினொன்றுக்கு, கறுப்பு.
பதினொன்றே முக்காலுக்கும் கறுப்புதான்,
வலது ஓரத்தில் ஒரு சந்தேகம்.
பன்னிரண்டுக்கு நகக்கீற்று.
இரண்டுக்குத் தேங்காய்ச் சில்லு.
நான்குக்குப் பாதி உருண்டை.

பசிபிக்கில் பெயரில்லாத ஏதோ நீரில்
விடிந்துகொண்டிருந்திருக்கிறது.
பாயான் லெப்பாஸில், ஜன்னலே இல்லாத இந்தப் பின்னறையில்
ஒரு மனிதர்
அது வந்துசேர உட்கார்ந்திருந்திருக்கிறார்.

'இல்லை'யை அழுத்தினேன்.

இரவு பதினொன்று முதல் எட்டு வரை அவர் செயலி,
எட்டு முதல் நான்கு வரை என்னுடையது.
மாலைக்கு வரும் ரோஸ்லினாவுக்குப்
பூனைப் படம் போதுமாம்.
திரையின் மூலையில் ஒரு சின்னக் கோப்பு வைத்தேன்:
"உங்கள் உலகத்தை நிறுத்தவில்லை, நேரம் மட்டும் பிரித்திருக்கிறேன்.
நாற்காலியை அவ்வளவு தாழ்த்த வேண்டாம்."

மறுநாள் அதே கோப்பில், அடியில்:
"நன்றிங்க. என் கால் குட்டை, மன்னிக்கணும்.
உங்க படம் இருபது நிமிஷம் பழசு, செட்டிங்கில பாருங்க.
துணிக்குன்னா அது ஆகாது."

பார்த்தேன். வாஸ்தவம்தான்.
மாற்றலாமென்று கையை எடுப்பதற்குள்
சூ யீனிடமிருந்து ஒரு படம்:
சொட்டச்சொட்ட என் போர்வை.

திரையில் ரேலாவ்
இன்னும் பளிச்சென்று வெயிலில்.