கேட்டுக்கு முன்னால் எழுபது வண்டி

எண்ணூர் ரோட்டில் என் வண்டிக்கு முன்னால்
எழுபது வண்டி. பின்னால் எண்ணவில்லை.
ஜீரோ கேட் திறந்துதான் இருக்கிறதாம்.
திறந்திருப்பதற்கும் நகர்வதற்கும் சம்பந்தமில்லை என்று
புரிய எனக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று.

"கியூவுல சும்மாத்தானே குந்திக்கினு இருக்கே,
இத்தப் புடி."
தவமணி கொடுத்தனுப்பிய கேரிபேக்கில்
மகளின் பழைய நீல கவுன்,
ஊசி இரண்டு, நூல்கண்டு ஒன்று,
எம்.சி. ரோட்டுச் சந்தில் வாங்கிய சம்கிப் பொட்டலம் நாலு.
வெள்ளிக்கிழமை ஆண்டு விழா.
இரண்டாவது வரிசையில், ஓரமாய், ஆடுகிறாளாம் ரோஷினி.

கவுனுக்கு வயது மூன்று.
போன வருஷம் ஒருமுறை, இந்த வருஷம் ஒருமுறை
மடிப்பைப் பிரித்து இறக்கியதில்
கீழே இரண்டு கோடு விழுந்திருக்கிறது,
தண்ணி வற்றினதும் கரைக் கல்லில் நிற்குமே
உப்புக் கோடு, அந்த மாதிரி.
இடுப்பில் கொடிக்கம்பியின் துரு.
நெஞ்சில் வடகறி.
வடகறி எதற்கும் போகாது.

ஸ்டியரிங்கின் மேல் துணியை இழுத்துக் கட்டினேன்.
வட்டம் சரியாக இருந்தது.
சைடு கண்ணாடியில் விழுந்த மாலை வெயிலைத் திருப்பி
நூல் கோத்தேன், ஏழாவது தடவையில்.
சம்கியின் நடு ஓட்டை கொசுவின் கண் அளவு.
என் விரலோ தார்ப்பாய்க் கயிறு முடிச்சிட்டே தடித்தது.
முதல் பத்தில் ஆறு
சீட்டுக்கடியில் போய் ஒளிந்துகொண்டன.

என் முதுகுக்குப் பின்னால் நாற்பது அடிப் பெட்டி.
சீல் வைத்தது.
காகிதத்தில் போட்டிருக்கிறது: குழந்தைகள் உடுப்பு,
புதியது, பதினோராயிரத்துச் சொச்சம்.
என்ன நிறமென்றுகூட எனக்குத் தெரியாது.
பிரேக் அடித்தாலும் சத்தம் போடாத சரக்கு.
நல்ல சரக்கு.

நெல்லூர் வண்டி நாகேஸ்வரராவ்
படியில் ஏறி எட்டிப் பார்த்துச் சிரித்தான்.
"ஏமி அண்ணா, டெய்லர் வேலையா?"
மற்ற வண்டிக்கும் சொல்லப் போனான்.
அரை மணி கழித்து வந்தான், வெறும் பனியனோடு.
கையில் காக்கிச் சட்டை, பாக்கெட் கிழிந்தது.
ஒன்றும் பேசவில்லை, நீட்டினான்.
கிழிசலை மூடி ஏழு சம்கி வைத்தேன், நீலம்.
போட்டுக்கொண்டவன்
தன் வண்டிக்குப் போகிற வழியெல்லாம்
பாக்கெட்டையே குனிந்து பார்த்துக்கொண்டு போனான்.

இரவு இரண்டரைக்கு முன்னால் ஹார்ன்.
ஊசியைக் காலரில் குத்தி, கவுனை மடியில் போட்டு
முதல் கியர். இருபது அடி.
நின்றது. மறுபடி ஊசி.
பதினைந்து அடி. மறுபடி.
காசிமேட்டு ஏலச் சத்தம் காதில் விழுந்தபோது
கடைசி முடிச்சைப் பல்லால் கடித்தேன்.

கேட்டில் காகிதம் வாங்கிய காவலர்
அதில் ஒட்டியிருந்த ஒரு சம்கியைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
நகத்தால் சுண்டிவிட்டார்.
பெட்டிப் பக்கமாய்ப் பறந்தது.
ஒட்டிக்கொண்டு கப்பல் ஏறிற்றா, ரோட்டில் விழுந்ததா,
இறங்கித் தேட நேரமில்லை.

ரோஷினி கவுனைத் தரையில் விரித்து
கீழ்க்கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனாள்.
ஒரு இடத்தில் எள் போட இடமில்லாத நெருக்கம்.
"இங்க?"
"எர்ணாவூர். மூணு மணி நேரம்."
ஒரு இடத்தில் தாவித் தாவி.
"இங்க?"
"கொஞ்சம் நகந்துச்சும்மா."
கோட்டை விட்டு விலகி
வயிற்றுப் பக்கம் ஓடிவிட்ட நாலு சம்கி.
"இது ஏம்ப்பா?"
"அதுவா. தெச்சுக்கினு இருக்கசொல்ல
முன்னாடி ஒரு பைக்காரன் சறுக்கி வுழுந்தான்."

அந்த நாலின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்:
"அவருக்கு ஒண்ணும் ஆவலியே?"