நீடித்தால் மட்டும்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ஒட்டிய ஷெட்டில்
என்ஜினைப் பிரித்துத் தட்டில் பரப்பியிருக்கிறான் ஜபருல்லா.
மூன்றாவது ராடின் பேரிங்
நீலம் பாரித்து, ஓரம் கிழிந்து.
"பாத்துக்கோ மேடம்" என்கிறான்.
வேறெதுவும் சொல்லவில்லை.

லேப்டாப்பைத் திறக்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாவது சுற்று.
ஆயில் பிரஷர் கோடு
நாலு பாரில் நடந்து வந்து
இடப்பக்க வளைவில் தடுமாறி
பிறகு எழவே இல்லை.

அந்த வளைவில் எப்போதும் ஒரு தடுமாற்றம் உண்டு.
எண்ணெய் சம்ப்பின் ஒரு மூலைக்கு ஓடும்,
பம்ப் அரை நொடி காற்றை விழுங்கும்,
ஸ்டியரிங்கில் சிவப்பு துள்ளும்.
சுற்றுக்கு ஒருமுறை.
"சும்மா சும்மா எரியுது செரா, கண்ணு கூசுது.
நீ நிறுத்தறியா, நான் டேப் ஒட்டிக்கினு ஓட்டவா?"
என்றான் கிளமண்ட்.

வியாழன் இரவு நான்தான் எழுதினேன்:
ஆர்பிஎம் நாலாயிரத்துக்கு மேல்,
அழுத்தம் இரண்டு பாருக்குக் கீழ்,
அது இரண்டு நொடி நீடித்தால் மட்டும்
எரி.

நீடித்தால் மட்டும்.
எவ்வளவு மரியாதையான சொல்.

எட்டாயிரத்தில் இரண்டு நொடி என்றால்
கிராங்க் இருநூற்று அறுபத்தாறு முறை சுற்றும்,
எண்ணெயில்லாமல், உலோகத்தின் மேல் உலோகம்.
விளக்கு எரிந்தது. சரியாகத்தான் எரிந்தது,
நான் சொல்லிவைத்த நேரத்துக்கு.

நேற்று ராத்திரி வடக்கேயிருந்து காற்று.
பத்தரைக்கே தண்டையார்பேட்டையில் ஜன்னல்களைச் சாத்தினோம்.
மாடிவீட்டு எப்சிபா
பிள்ளையின் மூக்கில் ஈரத்துணி வைத்தாள்.
இரண்டு நாய்கள் தும்மிக்கொண்டே தெற்கே போயின.
ஆலைச் சங்கு ஊதியபோது பதினொன்று பத்து.
தெருவே திட்டியது.
நானும் திட்டினேன், பாதி வாக்கியம் வரை.

அங்கேயும் ஒருவர் இருப்பார்.
அடிக்கடி ஊதுகிறதென்று மேலேயிருந்து போன் வந்தபின்
ஒரு கட்டத்துக்குள் ஓர் எண்ணைத் திருத்தியவர்.
திருத்திவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.
நான் போனேன்.

சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைக்கச் சொல்லிவிட்டேன்.
ஜபருல்லா அட்டையில் அளவெடுக்கிறான்.
அந்த அரை நொடிகளும் பொய்யில்லை என்று
இந்தப் பேரிங் சொல்கிறது,
சுற்றுக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

கேட் மூடியிருக்கிறது. டேங்கர் ரயில்,
முடியவே முடியாத கருப்பு.
இரண்டை அழித்துவிட்டு
புள்ளி மூன்று என்று அடிக்கிறேன்.

மறுபடி கண்ணு கூசுதும்பான் கிளமண்ட்.
கூசட்டும்.