மத்திய பதம்

கல்கரியில் மூன்றாம் நாளாகச் சூரியன்
தேய்ந்த செப்புக் காசு.
நெருப்பில்லாமல் புகையாது, சரிதான்.
ஆனால் இந்தப் புகைக்குரிய நெருப்பைக் காட்ட
மலைகள் தாண்டி அறுநூறு கிலோமீட்டர் போகவேண்டும்.

பகலில் நான் மொழிபெயர்ப்பாளர், மணிக்கணக்குக் கூலி.
புதன் இரவுகளில்
கல்லூரி அறை இருநூற்றுப் பதினாலில் அளவையியல்.
பக்கத்து மேசை டுவெய்ன், வெல்டர்,
மணமுறிவு வழக்கில் தோற்ற கையோடு
வகுப்பில் சேர்ந்தவன்.

"நீ எப்போதும் பிந்தித்தான் வருவாய்" என்றாளாம் அவள்.
"ஒருநாளும் பிந்தியதில்லை" என்றானாம் இவன்.
ஒன்று நிறைவிதி, மற்றது நிறைமறை.
இரண்டும் ஒருசேர மெய்யாக முடியாது,
ஒருசேரப் பொய்யாகலாம்
என்று கரும்பலகை சொன்னபோது
பென்சிலைக் கடித்தபடி
வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
சில இரவுகள் பிந்தியிருக்கிறான்.
சில இரவுகள் சூப் சூடாகவே இருந்திருக்கிறது.
'சில' என்று சொல்லி
யார் சண்டை பிடிக்கிறார்கள்?

வியாழன் காலை ஒன்பது, ஏழாம் மாடி.
அகதிக் கோரிக்கை விசாரணை.
சவிரிமுத்து, வங்காலை, வயது நாற்பத்தொன்று.
இரவல் கோட்டின் கை அவர் விரல்களை விழுங்கியிருந்தது.

"ஆமா, இல்லையா?"
அவர் தலையை ஆட்டினார்.
எங்கள் ஆட்டல்,
ஓமுக்கும் இல்லைக்கும் இடையில் ஒரு ஊசல்.
"தலையசைவு ஒலிப்பதிவில் வராது.
ஆமா, இல்லையா?"
ஒன்று அது, அல்லது அது அல்லாதது;
மூன்றாவது கிடையாது.
விதி எனக்கு மனப்பாடம்.
அவருக்குக் கழுத்து வலித்திருக்கும்.

பிறகு அந்த அம்மா, கோபமில்லாமல்,
தண்ணீர்க் குவளையை ஓரமாக நகர்த்திவிட்டு:
உயிருக்கு அஞ்சும் எவரும் திரும்பிப் போவதில்லை.
நீங்கள் திரும்பிப் போனீர்கள்.
ஆகவே நீங்கள் அஞ்சவில்லை.

மேசைக்கடியில், முழங்காலில், விரலால்
வட்டங்கள் வரைந்து பார்த்தேன்.
வாய்ப்பானது.
ஓட்டை தேடினேன், ஓட்டையில்லை.
பிழை முழுக்க முதல் வரியில் குடியிருந்தது,
வடிவமோ அதைத் தொடாமல் காவல் நின்றது.
"அஞ்சுபவருள் ஒருவர் திரும்பிப் போனார்":
இந்த ஒரு குறைவிதி போதும்,
அந்த நிறைமறை பொலபொலவென்று சரிய.
அந்த ஒருவர் எதிரே இரவல் கோட்டில் இருந்தார்.
ஆனால் அவரை எண்ணிக்கையில் சேர்க்க
முதலில் அவரை நம்பவேண்டும்.

மகளுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை,
தகப்பன் கையெழுத்துக் கேட்டார்களாம்.
ஒன்பது நாள்.
"பயந்துகொண்டுதான் போனேன், பிள்ளை."
என்னைப் பார்த்துச் சொன்னார்.
என்னைப் பார்த்துச் சொல்லக்கூடாது.

அந்த ஒற்றை வாக்கியத்தை நான் ஆங்கிலத்தில்
இரண்டாக வெட்டவேண்டியிருந்தது.
பயந்தேன். போனேன்.
நடுவில் 'ஆனாலும்' போடுவதா, 'மேலும்' போடுவதா?
அளவையியலுக்கு இரண்டும் ஒன்றே, ஒரே குறி.
எதைப் போட்டேன் என்று சொல்லமாட்டேன்.
'தான்' மட்டும் மிச்சப்பட்டு
மாலைவரை என் வாயில் கிடந்தது
புளியங்கொட்டை மாதிரி.

நியாயத்தொடையில் மத்திய பதம் என்று ஒன்று உண்டு.
இரண்டு எடுகூற்றிலும் வரும்,
இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும்
ஒரு முடிச்சில் கட்டும்.
முடிவில் வராது.
முடிவு தபாலில் போகும். எனக்குப் பிரதி இல்லை.

அடுத்த புதன் பரீட்சை.
நாலாம் கேள்வி: வடிவம் சரியாக,
எடுகூற்று பொய்யாக, சொந்தமாக ஒரு உதாரணம் தருக.
இரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்தவள் நான்.
எழுதினேன்:

பூனை எதுவும் மழையில் நிற்காது.
இது மழையில் நின்றது.
ஆகவே இது பூனையல்ல.

நாலுக்கு நாலு.
ஓரத்தில் சிவப்பு மையில்
ஒரு சிரித்த முகம்.